குட்டிப் பாம்பை நிறுக்கும்போது நாங்கள் விடும் பிழைகள்

வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றின் குசினியில், அம்மா மா நிறுக்கிற தராசில் பாம்பை வைத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கோபத்தை விடுங்கள், ஊர்வனவற்றின் உடம்பில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம், அதனால் பாம்புக்குத் தனித் தராசுதான். 1 கிராம் வித்தியாசத்தையும் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு போதும், புறக்கோட்டையில் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்குள் வந்த வெங்கிணாந்திக் (நம்மூர் மலைப்பாம்பு) குட்டியைப் பிடித்து வளர்க்கப் பார்க்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனம் என்றாலும் அனுமதிப் பத்திரம் வேண்டும். நான் இங்கே சொல்வது பண்ணையில் பிறந்த போல் பைதன் (ball python) என்கிற ஆபிரிக்க மலைப்பாம்பைப் பற்றி.

நான் விட்ட முதல் பிழை, நினைத்த நேரமெல்லாம் நிறுத்தது. ஒரு ஞாயிறு 118 கிராம். அன்றிரவு 14 கிராம் எலி ஒன்றை விழுங்கியது, திங்கள் காலை 131. ஆகா, வளர்கிறான் என்று எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். சனிக்கிழமை எச்சம் போட்டது, கூடவே சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையாகச் சிறுநீர்க் கட்டியும் விழுந்தது. நிறுத்தேன், 120. ஆக அந்தக் கிழமை உண்மையில் ஏறியது 2 கிராம், மிச்சம் எல்லாம் வயிற்றில் கிடந்த எலி. சாப்பாட்டுக்குப் பிறகு 48 மணித்தியாலம் பாம்பைத் தூக்கவே கூடாது என்பது வேறு. இப்போது அடுத்த சாப்பாட்டுக்கு முந்தின நாள்தான் நிறுக்கிறேன், கிழமைக்கு ஒரு தடவை. மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டியைத் தராசில் வைத்து, பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் பாம்பை உள்ளே விட்டால் வேலை சுலபம்.

எலியையும் நிறுக்க வேண்டும், இதைப் பலர் செய்வதில்லை. குட்டிக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம், 5 முதல் 7 நாளுக்கு ஒரு தடவை. 100 கிராம் குட்டிக்கு 10 முதல் 15 கிராம் எலி. கண்மட்டத்தில் "இது போதும்" என்று கொடுத்தால் ஒரு கிழமை கூடும், மறு கிழமை குறையும், அப்புறம் எடை எழுதும் கொப்பியில் உள்ள எண்களை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. சீக்கிரம் பெரிதாக்க வேண்டும் என்று அளவுக்கு மேல் திணிப்பது அதைவிட மோசம், ஈரலில் கொழுப்புச் சேரும்.

உரித்த சட்டையை அளந்து "இத்தனை அடி" என்று படம் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கழலும்போது சட்டை இழுபட்டு நீளும், பாம்பு அவ்வளவு நீளம் இருக்காது. அதற்காகப் பாம்பையே பிடித்து அடிமட்டத்தில் நீட்டி அளக்கவும் வேண்டாம், முதுகெலும்புக்குக் கூடாது.

மற்றவர்களின் பாம்போடு ஒப்பிடுவதும் வீண்தான். போல் பைதனில் பெண் ஆணைவிடப் பெரிதாக வளரும். கோர்ன் ஸ்னேக் என்கிற மெல்லிய வளர்ப்புப் பாம்பின் குஞ்சு பொரிக்கும்போது பெரும்பாலும் 10 கிராமும் வராது, போல் பைதன் குஞ்சு பெரும்பாலும் 50 கிராமைத் தாண்டியிருக்கும். எண்ணை விட உடம்பைப் பாருங்கள்: முதுகெலும்பு கூரை முகடு மாதிரித் துருத்தினால் மெலிவு, சுருண்டு படுக்கும்போது செதில்களுக்கு இடையே தோல் தெரிந்து மடிப்பு விழுந்தால் கொழுப்பு.

சரி, எடை ஏறவில்லை என்றால்? உடனே எலியைப் பெரிதாக்காதீர்கள். கண் பால் மாதிரி மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, அந்த நாட்களில் பெரும்பாலும் சாப்பாட்டைத் தொடாது. எனக்கு நடந்தது ஏசியால். கொழும்புச் சூட்டுக்குப் பாம்புக்கு என்ன குறை என்று நினைத்து, இரவில் 22 பாகையில் ஏசி போட்டுப் படுத்தேன், கூட்டைச் சூடாக்கும் வெப்பப் பாயின் வயர் கழன்று கிடந்ததைக் கவனிக்கவில்லை. கூட்டின் சூடான பக்கத்தில் 31, 32 பாகை இல்லாவிட்டால் எலி சரியாகச் செரிக்காது. மூன்றாம் நாள் பாதி கரைந்த எலியைக் கக்கிவிட்டது, அந்த மணத்தை மறக்க முடியாது. கக்கினால் அடுத்த நாளே திரும்ப ஊட்டக் கூடாது, 10, 14 நாள் விட்டு, வழக்கத்தை விடச் சின்ன எலி.

இரண்டாம் முறையும் கக்கினால், அல்லது சட்டை உரிக்காமலே குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு இறங்கினால், ஊர்வன பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியரிடம் போங்கள், கொப்பியையும் கொண்டு போங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது எச்சம் போட்டது என்றுதான் அவர் முதலில் கேட்பார்.