நாலுக்கு மூன்று: சோப்பினின் ஃபான்டசி இம்ப்ராம்ப்டுவுக்கு ஒரு தகிட வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பியானோவும் மிருதங்கமும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். போலந்து இசையமைப்பாளர் சோப்பின் 1834-இல் எழுதிய இந்தப் பியானோ உருப்படியின் வேகமான பகுதிகளில் ஒவ்வொரு கால்நோட்டுக்கும் (முழு நோட்டில் கால் பங்கு நேரம்) வலக்கையில் நாலு ஸ்வரம், இடக்கையில் மூன்று.

கால்நோட்டைப் பன்னிரண்டாகப் பிரியுங்கள். மிருதங்கச் சொல்லில், மூன்றெழுத்துத் தகிட நாலு தடவை. ஒவ்வொரு 'த'விலும் வலக்கை. நாலெழுத்துத் தகதிமி மூன்று தடவை. ஒவ்வொரு 'த'விலும் இடக்கை. ஆக வலக்கை 1, 4, 7, 10. இடக்கை 1, 5, 9. முதலில் மேசையில் தட்டுங்கள் (மின்வெட்டில் டிஜிட்டல் பியானோ ஓய்ந்தாலும் மேசை இருக்கிறதே). மெட்ரோனோமை (டிக் டிக்கென்று தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 120 டிக்கில் வைத்து, ஒரு டிக்குக்கு ஓர் எண்.

பெரும்பாலும் கோணுவது 9, 10-இல்தான். இரண்டையும் ஒன்றாக அமுக்கிவிடுவோம், தாளம் நொண்டும். 4, 5-உம் அப்படியே. இந்த இரண்டு ஜோடிகளையும் தனியாகப் பத்துப் பத்துத் தடவை வாசியுங்கள்.

பிறகு பியானோவில், கால்நோட்டுக்கு ஒரு டிக், வேகம் 40. இடக்கை தனியாகச் சீராக ஓடிய பிறகே வலக்கை சேரட்டும். பெடல் (ஒலியை நீட்டும் கால்மிதி) வேண்டாம், அது பிசகை மூடிவிடும். ஐந்தாம் பாரில் (தாளக் கட்டத்தில்) வலக்கை நுழையும்போது 1-இல் அதற்கு ஓய்வு. இடக்கை மட்டும்தான் விழும். அங்கே பலர் இரண்டையும் சேர்த்துத் தொடங்கி, பார் முழுவதும் ஒரு ஸ்வரம் முந்திப் போகிறார்கள்.

நாலு நாலாக வேகத்தைக் கூட்டுங்கள். 80 தாண்டினால் எண்ணுவதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு டிக்கிலும் இரு கையும் சந்தித்தால் போதும்.