முதல் ட்ரைசூட் வாங்கப் போகிறீர்களா? உள்ளுடையிலிருந்து ஆரம்பியுங்கள்

புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா கற்றுக்கொண்டவன் நான். அங்கே தண்ணீர் 28 டிகிரி இருக்கும். மூன்று மில்லிமீட்டர் வெட்சூட்டை (உடம்பை ஒட்டிய நியோப்ரீன் ரப்பர் உடை) போட்டுக்கொண்டு படகில் உட்கார்ந்தாலே வியர்த்துக் கொட்டும். வேலை மாறி இங்கிலாந்து வந்த முதல் வருடம், அந்தத் தைரியத்தில் ஒரு பிப்ரவரி ஞாயிறு லெஸ்டர்ஷையரில் இருக்கும் ஸ்டோனி கோவுக்குப் போனேன். அது பழைய கருங்கல் குவாரி. ஊற்றுநீர் நிறைந்து, இன்று டைவர்களின் பயிற்சிக்குளமாக இருக்கிறது. வாடகைக்கு எடுத்த ஏழு மில்லிமீட்டர் வெட்சூட், 5 டிகிரி தண்ணீர். பதினைந்தே நிமிடத்தில் மேலே வந்துவிட்டேன். ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) பட்டையைக் கழற்ற விரல் வளையவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர்தான் குனிந்து கழற்றிவிட்டார். அவர் தன் ட்ரைசூட்டை, அதாவது தண்ணீர் புகாத டைவ் உடையை, கழற்றியபோது, உள்ளே போட்டிருந்த கம்பளிச் சட்டை சொட்டு ஈரமில்லாமல் இருந்தது.

அன்றைக்கே ட்ரைசூட் வாங்குவது என்று முடிவு செய்தேன். முடிவு சரி, வாங்கிய விதம்தான் தப்பு. கடையில் தொங்கியதில் கண்ணுக்கு அழகாக இருந்ததை எடுத்தேன். உள்ளே என்ன போடுவது என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். பருத்த உள்ளுடையைப் போட்டதும் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

முதலில் ஒரு அடிப்படை. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். வெட்சூட்டின் நியோப்ரீனுக்குள் இருக்கும் சின்னச் சின்ன வாயுக் குமிழ்கள்தான் குளிரைத் தடுக்கின்றன. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகும்போது அந்தக் குமிழ்கள் பாதியாகச் சுருங்கும். அதாவது, குளிர் கூடும் ஆழத்தில் சூட் மெலிந்துவிடுகிறது. ட்ரைசூட் தண்ணீரை உள்ளேயே விடாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான சீல், மூடினால் நீர் புகாத ஜிப், உள்ளே நாமே நிரப்பும் காற்று. அந்தக் காற்றைப் பிடித்துவைப்பது உள்ளுடை. ஆகவே உங்களைச் சூடாக வைத்திருப்பது உள்ளுடைதான். சூட்டின் வேலை அதை நனையாமல் காப்பது.

படி 1: எந்தத் தண்ணீருக்கு?

ஸ்டோனி கோவ் போன்ற குவாரிகளில் குளிர்காலத்தில் 5 டிகிரி, கோடையில் மேல்மட்டத்தில் 18 டிகிரி வரைகூடப் போகும். ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருக்கும் ஸ்காபா ஃப்ளோ கடற்பகுதியில், 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியர்கள் தாங்களே மூழ்கடித்த போர்க்கப்பல்களில் ஏழு இன்னும் கடலடியில் கிடக்கின்றன. அங்கே கோடையிலும் 13 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரி. பனியாற்று நீர் எரிமலைப் பாறைக்குள் வடிந்து வருவதால் கண்ணாடி மாதிரி தெரியும். ஆனால் ட்ரைசூட் சான்றிதழோ, ட்ரைசூட்டில் செய்த பத்து டைவ்களின் பதிவோ இல்லாமல் அங்கே ஸ்கூபாவுக்கு விடமாட்டார்கள்.

வருடத்தில் அதிகமாக எங்கே இறங்குவீர்களோ, அந்த இடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். வாழ்க்கையில் ஒருமுறை போகப்போகும் ஐஸ்லாந்துக்காக வாங்க வேண்டாம். அதற்கு வாடகை சூட் இருக்கிறது.

படி 2: உள்ளுடையை முதலில் வாங்குங்கள்

உடம்பை ஒட்டி மெரினோ கம்பளியிலோ பாலியெஸ்டரிலோ ஒரு மெல்லிய அடுக்கு. அதன்மேல் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டான அண்டர்சூட். 10 டிகிரிக்கு மேல் என்றால் ஃப்ளீஸ் போதும். அதற்குக் கீழே தின்சுலேட் என்ற செயற்கை இழை அடைத்தது நல்லது. சதுர மீட்டருக்கு 200 கிராம், 400 கிராம் என்று கனம் போட்டிருப்பார்கள்.

பருத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். நம்மூர் வெயிலுக்குப் பருத்தி தெய்வம். இங்கே அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் போனதும் முதுகில் ஈரத்துணி போர்த்தியது போலாக்கிவிடும். பருத்தி பனியன்கூட வேண்டாம்.

படி 3: சூட்டின் துணி

ஆரம்பநிலைக்காரர் இரண்டை மட்டும் பார்த்தால் போதும்.

முதலாவது, டிரைலாமினேட். வெளியே ஒரு துணி, உள்ளே ஒரு துணி, நடுவில் பியூட்டைல் ரப்பர் படலம். எடை குறைவு, சீக்கிரம் காயும், விமானத்தில் கொண்டுபோக வசதி. துணிக்குத் தனியாகச் சூடு கிடையாது, நீட்சியும் கிடையாது. அதனால் தளர்வாகத் தைத்திருப்பார்கள். கோடைக்கு மெல்லிய உள்ளுடை, குளிர்காலத்துக்குக் கனத்தது என்று மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, நியோப்ரீன். உடம்போடு ஒட்டி நீளும், துணியே கொஞ்சம் சூடு தரும், நீந்துவதும் சுலபம். ஆனால் வெட்சூட் போலவே ஆழத்தில் சுருங்கும், எடை அதிகம், காய நாளாகும். நசுக்கிய நியோப்ரீன் என்று ஒன்று உண்டு. குமிழ்களை முன்கூட்டியே அழுத்தி நசுக்கியது. சுருக்கமும் குறைவு, கிழிவதும் குறைவு, விலைதான் கூடுதல்.

என் ஓட்டு டிரைலாமினேட்டுக்கு. ஓட்டை விழுந்தால் கண்டுபிடித்து ஒட்டுவது அதில் எளிது. நியோப்ரீனில் தண்ணீர் ஒரு இடத்தில் புகுந்து இன்னொரு இடத்தில் வெளியே வரும். கூரை ஒழுகுவது மாதிரி, சொட்டுகிற இடத்துக்கு மேலே ஓட்டை இருக்காது.

படி 4: கழுத்தும் மணிக்கட்டும்

நேரம் செலவழித்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். சீல்கள் மூன்று வகை. லேட்டக்ஸ் என்பது வேறொன்றுமில்லை, கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் சிரட்டையில் வடிகிற அதே ரப்பர் பால். நன்றாக நீளும், நன்றாக அடைக்கும், மலிவு. ஆனால் வெயிலும் எண்ணெயும் அதற்கு ஆகாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிற வழக்கம் எனக்கு உண்டு. முதல் கழுத்து சீல் ஒரே வருடத்தில் பிசுபிசுத்துப் போன பிறகு, டைவ் நாட்களில் எண்ணெயை நிறுத்திவிட்டேன். சன்ஸ்கிரீனும் அப்படித்தான். சிலிக்கோன் மென்மையானது, லேட்டக்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஏற்றது. பசை போட்டு ஒட்ட முடியாது என்பதால் வளையத்தில் பொருத்தியிருப்பார்கள். கிழிந்தால் படகிலேயே மாற்றிவிடலாம். நியோப்ரீன் சீல் நீடித்து உழைக்கும், கழுத்துக்குக் கதகதப்பு. கழுத்தில் போடும்போது உள்பக்கமாக மடித்துவிட வேண்டும்.

கழுத்து சீல் இறுக்கமாக இருந்தால் "போகப்போகச் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். கழுத்தின் இரு பக்கமும் ஓடும் கரோட்டிட் தமனி அழுந்தினால் இதயத்துடிப்பு குறைந்து தலை சுற்றும். தண்ணீருக்குள் அது விளையாட்டில்லை. லேட்டக்ஸ் சீலில் வளையம் வளையமாகக் கோடுகள் இருக்கும். ஒவ்வொன்றாக வெட்டித் தளர்த்தலாம். ஒரு கோடு வெட்டி, போட்டுப் பார்த்து, அப்புறம் அடுத்தது. அதிகம் வெட்டிவிட்டால் புது சீல்தான். முதல் முறை கடைக்காரரையோ பயிற்றுநரையோ வெட்டச் சொல்லுங்கள்.

போடுவதற்கு முன் மோதிரம், வளையல், கம்மல், சங்கிலி எல்லாம் கழற்றிவிடுங்கள். நகத்தை வெட்டுங்கள். தாடி கழுத்துவரை இறங்கியிருந்தால் சீல் படும் இடத்தை மழித்தாக வேண்டும், இல்லையேல் முடி வழியே தண்ணீர் ஊறும். நீளக் கூந்தல்காரர்கள் ஒரு முடிகூட சீலுக்குள் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேட்டக்ஸுக்குப் பவுடர் போடலாம், வாசனை இல்லாத டால்க் மட்டும்.

படி 5: ஜிப்

முதுகில் தோளுக்குத் தோள் ஓடும் ஜிப் விலை குறைவு, ஆனால் இன்னொருவர்தான் மூடிவிட வேண்டும். மார்பின் குறுக்கே சாய்வாக ஓடும் ஜிப்பை நாமே மூடிக்கொள்ளலாம். முடிந்தால் இதையே எடுங்கள்.

காரணம் சொல்கிறேன். முதல் சூட்டில் எனக்கு முதுகு ஜிப். ஒரு நாள் அவசரத்தில் மூடிவிட்ட நண்பர் கடைசி இரண்டு விரற்கடை அளவை விட்டுவிட்டார். நானும் சரிபார்க்கவில்லை. குவாரியின் ஆறு மீட்டர் ஆழத் திட்டுக்குப் போவதற்குள் முதுகுத்தண்டு வழியே ஐஸ் இறங்கியது. தண்ணீர் புகுந்த சூட் உங்களைக் கல் போல இழுத்துப் போகும் என்ற பயம் வேண்டாம், தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை தெரியாது. இழப்பது மிதவையை, அதை பிசிடி (காற்று நிரப்பி மிதவையைச் சரிசெய்யும் ஜாக்கெட்) ஈடுகட்டும். ஆனால் கரையேறும்போது இரண்டு காலிலும் ஒவ்வொரு குடம் கட்டியது போலிருந்தது.

பித்தளை ஜிப் என்றால் மெழுகு தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக் ஜிப் என்றால் முடியும் முனையில் மட்டும் அதற்குரிய கிரீஸ். எந்த ஜிப்பையும் மடிக்கக் கூடாது.

படி 6: வால்வும் கால்களும்

மார்பில் காற்று நிரப்பும் வால்வு, இடது மேற்கையில் வெளியேற்றும் வால்வு. வெளியேற்றுவது திருகி அளவு மாற்றக்கூடியதாக இருக்கட்டும். உங்கள் ரெகுலேட்டரின் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) முதல் நிலையில், அதாவது சிலிண்டரில் மாட்டும் பகுதியில், ஒரு குறைந்த அழுத்தத் துளை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், சூட்டின் ஹோஸ் அங்கேதான் மாட்டும். ரெகுலேட்டரின் மேல் 10 டிகிரிக்கு மேல் மட்டும் என்று குறியிட்டிருந்தால், சூட்டுக்கு முன் அதை மாற்றுங்கள்.

காலுக்குச் சூட்டோடு ஒட்டிய பூட்ஸ், அல்லது சாக்ஸ் போன்ற கால் பகுதியும் அதன்மேல் தனி ஷூவும். இரண்டும் பரவாயில்லை. இரண்டிலும் பழைய ஃபின்ஸ் நுழையாது, பெரிய அளவு வேண்டும்.

படி 7: கடையில் போட்டுப் பார்ப்பது

உங்கள் உள்ளுடையை எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் போட்டு, அதன்மேல் சூட்டைப் போட்டு, ஜிப்பை முழுக்க மூடிவிட்டு இவற்றைச் செய்யுங்கள்:

தரையில் குந்தி உட்காருங்கள். கவட்டில் இழுத்தால் உடல் நீளம் போதாது. ஒரு காலை நாற்காலியில் வைத்து ஏறுங்கள். உங்களை நீங்களே கட்டிப்பிடிப்பது போல இரு கைகளையும் குறுக்கே போட்டு எதிர்த் தோளைத் தொடுங்கள். கடைசியாக, கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், சிலிண்டர் வால்வு இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையில்தான் என் முதல் சூட் தோற்றிருக்கும், செய்திருந்தால்.

தொளதொளவென்று இருப்பதும் ஆகாது. ஐந்தரை அடிக்காரனான எனக்கு ஐரோப்பிய அளவுகளில் கால் எப்போதும் நீளம். அந்த உபரித் துணியில் காற்று ஓடிப்போய்த் தேங்கினால் கால் மேலே, தலை கீழே என்று மிதக்க ஆரம்பிப்போம். வெளியேற்றும் வால்வோ கையில் இருக்கிறது, காலில் தேங்கிய காற்று அதன் வழியே போகாது. ஆயத்த அளவு எதுவும் பொருந்தாவிட்டால் அளவெடுத்துத் தைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆயத்த சூட் ஆயிரம் பவுண்டுக்கு முன்னே பின்னே என்றால், இது கணிசமாகக் கூடும்.

படி 8: பழையது வாங்கலாமா?

வாங்கலாம், என் இரண்டாவது சூட் அப்படித்தான் வந்தது. சீல்கள் பிசுபிசுப்பாகவோ வெடித்தோ இருந்தால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள், மாற்றிவிடலாம். ஜிப் போயிருந்தால் யோசியுங்கள், அது செலவு. ஒழுக்கு பார்க்க விற்பவரை அனுமதி கேளுங்கள்: மணிக்கட்டுகளில் பாட்டிலைச் செருகி, கழுத்தில் ஒரு பந்தை வைத்து அடைத்து, காற்று நிரப்பி, சோப்புத் தண்ணீரைத் தடவ வேண்டும். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பாரே, அதே வேலை.

படி 9: முதல் இறக்கம்

புது சூட்டோடு நேராகக் கடலுக்குப் போகாதீர்கள். பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் ட்ரைசூட் பயிற்சியில் நீச்சல்குளத்தில் ஒரு வகுப்பும் திறந்த நீரில் இரண்டு டைவும் உண்டு. கால் மேலே போனால் சுருண்டு உருண்டு நிமிர்வது, நிரப்பும் வால்வு சிக்கிக்கொண்டால் ஹோஸைக் கழற்றுவது, இரண்டையும் பயிற்றுநர் முன்னால் பலமுறை செய்து பாருங்கள். மூழ்குவதற்காகக் கட்டும் ஈய எடை வெட்சூட்டுக்குத் தேவைப்படுவதைவிடச் சில கிலோ கூடும். சிலிண்டர் ஏறக்குறையக் காலியான நிலையில் எடை சரிபார்த்து, எந்த உள்ளுடையோடு எத்தனை கிலோ என்று லாக்புக்கில் (டைவ் குறிப்பேடு) எழுதிவையுங்கள். உள்ளுடை மாறினால் அந்தக் கணக்கும் மாறும்.

வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, வெயில் படாத இடத்தில் காயப்போடுங்கள். நான் குளியலறையில் தொங்கவிடுகிறேன். இரவில் விளக்குப் போடாமல் உள்ளே போகிற விருந்தாளிகளுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவைப்பது வழக்கம்.