குற்றச்சாட்டு சட்டப்படி நிற்குமா என்று சரிபார்ப்பது எப்படி?

சட்டம் இல்லையேல் குற்றமும் இல்லை, தண்டனையும் இல்லை என்ற கோட்பாட்டைக் கொண்டு ஒரு வழக்கைச் சோதிப்பவர், குற்றப்பத்திரிகையில் முதலில் தேட வேண்டியவை இரண்டு தேதிகள்: செயல் நடந்த நாள், சட்டப்பிரிவு நடைமுறைக்கு வந்த நாள். சட்டம் நிறைவேறிய நாளையே நடைமுறைக்கு வந்த நாளாகக் கொள்வது அடிக்கடி நேரும் பிழை. செயலுக்குப் பின்னரே பிரிவு வந்திருந்தால், அதன்கீழ் தண்டிப்பதை 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு தடுக்கிறது. நெருக்கடி நிலையைக் காட்டியும் இத்தடையை அரசு நிறுத்திவைக்க முடியாது. செய்யப்பட்ட நாளிலேயே உலக நாடுகள் ஏற்ற பொதுச் சட்டக் கோட்பாடுகளின்படி குற்றமாக இருந்த செயலுக்கு மட்டும் இது பொருந்தாது.

அடுத்து, பிரிவின் சொற்களையும் நடந்த செயலையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். சொல்லுக்கு நீதிமன்றம் விளக்கம் தரலாம். அச்சொல்லுக்குள் அடங்காத செயலை, ஏறக்குறைய அதைப் போன்றது என்று சொல்லி உள்ளே இழுக்கக் கூடாது. 1935இல் நாஜி ஜெர்மனி தன் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, மக்களின் நல்லுணர்வுக்கு ஏற்ப ஒப்புமையால் தண்டிக்கலாம் என்று எழுதிவைத்தது எத்தகைய வாசலைத் திறந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

தண்டனையைச் சோதிப்பதுதான் கடினம், ஏனெனில் அது வேறு பெயரில் வரக்கூடும். ஸ்பெயினில், பல தண்டனைகள் பெற்று, அவற்றின் கூட்டுத்தொகை எவ்வளவானாலும் சட்டம் வகுத்த 30 ஆண்டு உச்சவரம்புக்கு உட்பட்டிருந்த ஒரு கைதி, சிறையில் செய்த வேலைக்காகக் குறைக்கப்படும் தண்டனை நாட்களான கழிவு போக 2008 ஜூலை 2 அன்று விடுதலையாக வேண்டியவர். உச்ச நீதிமன்றம் 2006இல் மாற்றிய கணக்கின்படி அக்கழிவை உச்சவரம்பிலிருந்து கழிக்காமல் ஒவ்வொரு தண்டனையிலிருந்தும் தனித்தனியே கழித்ததால், விடுதலை நாள் 2017 ஜூன் 27க்குத் தள்ளிப்போனது. இது தண்டனையை நிறைவேற்றும் முறை மட்டுமே என்று அரசு வாதிட்டது. தண்டனையின் அளவே மாறிவிட்டது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஆகவே உத்தரவின் பெயரைப் பார்க்காமல், அதனால் கூடும் நாட்களையும் பறிபோகும் சொத்தையும் கணக்கிட வேண்டும்.

பின்னோக்கிச் செல்லக் கூடாது என்ற விதி குற்றஞ்சாட்டப்பட்டவரைக் காக்கவே உள்ளது. செயலுக்குப் பிறகு சட்டம் தண்டனையைக் குறைத்திருந்தால் அந்தப் பயன் அவருக்குச் சேர வேண்டும் என்று அதே 15ஆம் பிரிவு சொல்கிறது. எனவே முதலில் குறித்த இரண்டு தேதிகளுக்குக் கீழே, இறுதித் தீர்ப்புவரை வந்த ஒவ்வொரு திருத்தத்தின் தேதியையும் எழுதிக்கொள்ள வேண்டும்.