குவாதலூப் போகிறவர்கள் வரைபடத்தில் செய்யும் தவறுகள்

கரீபியன் பக்கம் விடுமுறைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரைப் படத்தைப் பார்த்தே தீவை முடிவு செய்துவிடுகிறார்கள். வரைபடத்தைத் திறப்பதெல்லாம் டிக்கெட் எடுத்த பிறகுதான். கரீபியன் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான குவாதலூப் விஷயத்தில் அப்படிச் செய்தால் சிக்கல். இங்கே ஊர்ப்பெயர்களே ஆளைக் குழப்பும். அந்தப் பெயர்களை வைத்தவர்கள் பாய்மரக் கப்பலில் வந்தவர்கள். நிலம் உயரமா தாழ்வா என்பதைவிட, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

மேலிருந்து பார்த்தால் குவாதலூப் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல இருக்கும். மேற்குச் சிறகின் பெயர் பாஸ்-தேர். பிரெஞ்சில் நேராகப் பொருள் கொண்டால் 'தாழ்ந்த நிலம்'. கிழக்குச் சிறகு கிராந்த்-தேர், அதாவது 'பெரிய நிலம்'. இதை நம்பி, தாழ்ந்த நிலத்தில் சமவெளியும் பெரிய நிலத்தில் மலையும் இருக்கும் என்று நினைத்தால் எல்லாமே தலைகீழாகிவிடும். கரீபியனின் கிழக்கோரத் தீவுத்தொடரான சிறிய அண்டிலிஸிலேயே உயரமான சிகரம், 1,467 மீட்டர் உயர லா சூஃப்ரியேர் எரிமலை, நிற்பது 'தாழ்ந்த' நிலத்தில். பரப்பளவிலும் அதுதான் பெரியது: பாஸ்-தேர் சுமார் 850 சதுர கிலோமீட்டர், கிராந்த்-தேர் 590 சொச்சம்.

காரணம் காற்று. இந்தக் கடலில் ஆண்டு முழுக்கக் கிழக்கிலிருந்தே வணிகக் காற்று வீசும். காற்று வரும் பக்கம் மாலுமிக்கு 'மேல்', காற்று மறையும் பக்கம் 'கீழ்'. பாஸ்-தேர் என்றால் காற்றுக்கு ஒதுங்கிய கரை, கப்பலை நிம்மதியாக நங்கூரமிடும் இடம். பக்கத்தில் உள்ள லே சேந்த் தீவுக்கூட்டத்திலும் இதே கணக்குத்தான்: கிழக்கே இருப்பது தேர்-து-ஓ, 'மேல் நிலம்', மேற்கே இருப்பது தேர்-து-பா, 'கீழ் நிலம்'. தமிழிலும் கிழக்கில் 'கீழ்' இருக்கிறது, மேற்கில் 'மேல்' இருக்கிறது. நமக்கு நிலத்தின் சரிவு கொடுத்த சொற்கள் அவை. அவர்களுக்குக் காற்று கொடுத்தது. திசை மட்டும் நேரெதிர்.

இரண்டு சிறகுகளுக்கும் நடுவே ஓடுவது ரிவியேர் சாலே, 'உப்பு ஆறு'. அதுவும் ஆறு இல்லை. இரண்டு பக்கமும் கடலில் திறக்கும், அலையாத்திக் காடு சூழ்ந்த குறுகிய கடல் வழி. பாலத்தில் கார் ஏறி இறங்குவதற்குள் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு வந்துவிடுவீர்கள். கவனிக்காமலே கடந்துபோகிறவர்கள் உண்டு.

அறை பதிவு செய்யும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பாஸ்-தேர் எரிமலைப் பாறை, மழைக்காடு, அருவி. கிராந்த்-தேர் பவளமும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த தட்டையான மேடு. வெள்ளை மணல், ஆழமில்லாத இளநீலத் தண்ணீர் என்று விளம்பரத்தில் பார்ப்பது பெரும்பாலும் கிராந்த்-தேரின் தெற்குக் கரை, அதாவது லெ கோசியே, சேந்த்-ஆன், சேன்-பிரான்சுவா ஊர்களின் பக்கம். பாஸ்-தேரின் தெற்கில் மணல் கருப்பாக இருக்கும். கருமணலும் அழகுதான், ஆனால் வெள்ளை மணலை எதிர்பார்த்துப் போனவருக்கு முகம் வாடிவிடும். மழையிலும் அப்படியே. ஈரக்காற்று மலையில் மோதுவதால் எரிமலை உச்சியில் ஆண்டுக்கு சுமார் 10,000 மில்லிமீட்டர் மழை கொட்டும். கிராந்த்-தேரின் கிழக்கு முனையில் கிட்டத்தட்ட அதில் பத்தில் ஒரு பங்குதான். சுண்ணாம்புக்கல் தண்ணீரை உள்ளே இழுத்துவிடுவதால் கிராந்த்-தேரில் சொல்லிக்கொள்ளும்படி ஆறும் இல்லை. குடிநீர் பாஸ்-தேர் மலையிலிருந்து குழாயில் வருகிறது. அந்தக் குழாய்கள் பழசாகி ஒழுகுவதால் முறைவைத்துத் தண்ணீர் விடுவது இங்கே தீராத பிரச்சினை. வீடு வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், நீச்சல் குளம் இருக்கிறதா என்பதற்கு முன் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது தலைநகரம். நிர்வாகத் தலைநகரின் பெயரும் பாஸ்-தேர்தான். அது எரிமலை அடிவாரத்தில், தென்மேற்கு மூலையில் இருக்கிறது. விமான நிலையம் இருப்பது அங்கே அல்ல, இரு சிறகுகளும் சேரும் இடத்தில், புவாந்த்-அ-பித்ர் நகரை ஒட்டி. கடையும் துறைமுகமும் நெரிசலும் அங்கேதான். இதற்கு மேல் ஒரு குழப்பம்: செயின்ட் கிட்ஸ்-நெவிஸ் என்ற தனி நாட்டின் தலைநகரமும் பாஸ்தேர். எழுத்தில் ஒரு கோடுதான் வித்தியாசம். டிக்கெட்டில் நாட்டின் பெயரையும் பாருங்கள். அப்படியே டொமினிக்காவையும் டொமினிக்கன் குடியரசையும் பிரித்துப் பாருங்கள். டொமினிக்கா குவாதலூப்புக்குத் தெற்கே அடுத்த தீவு, படகிலேயே போகலாம். டொமினிக்கன் குடியரசு வடமேற்கே வெகுதூரத்தில், ஹெய்ட்டியோடு ஒரே தீவைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கென்று ஒரு தவறு உண்டு. மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் ஒரே நாடு போலத் தோன்றும். அது பல நாடுகள் சேர்ந்து ஆடும் அணி. தென் அமெரிக்கக் கண்டத்தில் இருக்கும் கயானாவும் அதில் உண்டு. குவாதலூப் கிடையாது. வடக்கே விவியன் ரிச்சர்ட்ஸின் ஆன்டிகுவா, தெற்கே டொமினிக்கா, இரண்டுக்கும் நடுவே இருந்தும் இங்கே பேச்செல்லாம் கால்பந்துதான். பிரான்ஸுக்காக உலகக் கோப்பை வென்ற லிலியான் துராம் புவாந்த்-அ-பித்ரில் பிறந்தவர். லீவர்ட் (காற்றுமறைவு), விண்ட்வர்ட் (காற்றுமுகம்) என்று அங்கே உள்ளூர்ப் போட்டிகளில் ஆடும் அணிகளின் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். அவற்றை அப்படியே வரைபடத்துக்குக் கொண்டுவராதீர்கள். ஆங்கிலக் கணக்கில் குவாதலூப் காற்றுமறைவுத் தீவுகளில் ஒன்று; பிரெஞ்சுக் கணக்கில் காற்றுமுகத் தீவு. டச்சுக்காரர்களுக்கு, குவாதலூப்புக்கு வடமேற்கே உள்ள சின்ட் மார்டன் காற்றுமுகம், வெனிசுவேலாவை ஒட்டிய அருபா காற்றுமறைவு. எந்த மொழிப் புத்தகம் என்று பார்க்காமல் இந்தச் சொற்களை நம்புவதில் பயனில்லை.

சூஃப்ரியேர் என்பதும் ஒற்றை மலையின் பெயர் இல்லை. கந்தகம் வெளிவரும் இடம் என்பதே பொருள். இந்தப் பக்கத்துத் தீவுகள் பலவற்றில் ஒன்று இருக்கும். குவாதலூப்பின் மலை 1976-ல் புகைந்தபோது 70,000-க்கும் மேற்பட்டோரை மாதக்கணக்கில் வெளியேற்றினார்கள். பயந்த பெருவெடிப்பு வரவில்லை. 1995-ல் விழித்து பிளிமத் நகரைப் புதைத்தது மொன்செராட் தீவின் சூஃப்ரியேர். 2021-ல் வெடித்தது செயின்ட் வின்சென்ட்டின் சூஃப்ரியேர். செயின்ட் லூசியாவில் அந்தப் பெயரில் ஊரே இருக்கிறது. செய்தியில் பெயரைப் பார்த்தவுடன் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம்.

பருவத்தின் பெயரும் ஏமாற்றும். மழைக்காலத்தை இவர்கள் 'இவெர்னாழ்' என்கிறார்கள். குளிர்காலத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஜூலை முதல் நவம்பர் வரை வரும் அந்தக் காலம்தான் ஆண்டிலேயே புழுக்கமானது, புயல் வருவதும் அப்போதுதான். 1989 செப்டம்பரில் ஹியூகோ கிராந்த்-தேரைப் புரட்டிப்போட்டது. கரீபியன் முழுக்கப் புயல் அபாயம் ஒரே அளவு என்பதும் சரியல்ல. தெற்கோரத்தில் இருக்கும் அருபா, பொனேர், குராசோ தீவுகளைப் புயல் தொடுவது அபூர்வம்.

விசாவில் கோட்டை விடுகிறவர்களும் உண்டு. குவாதலூப் 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம். யூரோ செல்லும், ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் செல்லும். ஆனால் பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. பாரிஸ் போக எடுத்த ஷெங்கன் விசா பொதுவாக இங்கே போதாது. கடல்கடந்த மாவட்டத்துக்கென்று கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாகச் சாப்பாட்டு மேசை. உணவுப் பட்டியலில் 'கொலொம்போ' என்று இருக்கும். 1493-ல் இங்கே வந்து இறங்கிய கொலம்பஸின் பெயரைப் பிரெஞ்சில் Colomb என்று எழுதுவார்கள், அதனால் அவர் நினைவாக வைத்த பெயர் என்று சிலர் நினைக்கிறார்கள். அது இலங்கையின் கொழும்பு என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அடிமை முறை ஒழிந்த பிறகு, 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் மசாலாப் பொடி: மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம். அவர்களின் வாரிசுகள் இன்றும் நிறையப் பேர் வாழும் ஊர் கப்பெஸ்தேர்-பெல்-ஓ. கப்பெஸ்தேர் என்றால், பாஸ்-தேருக்கு எதிர்ப்பதமாக, காற்றை முகத்தில் வாங்கும் கரை. அங்கே ஷாங்ழி என்ற இடத்தில் சாலையோரம் வண்ணச் சிலைகளோடு ஒரு கோவில் நிற்கிறது, சுற்றிலும் வாழைத் தோட்டம்.