பிள்ளைகளின் விளையாட்டுப் படங்கள்: டிஜிட்டல் ஃபைலுக்கு விலை வைப்பது எப்படி

மைதானத்தில் பிள்ளைகளை எடுத்த படத்தின் ஃபைல் பெற்றோர் கைக்குப் போனதும் பிரிண்ட் ஆர்டர் திரும்பி வராது. ஒரே படம் குடும்பம் முழுக்கப் போய்விடும். அதனால் பிரிண்டில் கிடைத்திருக்கும் லாபமும் ஃபைல் விலைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

முதலில் செலவைக் கூட்டுங்கள். பயணம், மைதானத்தில் நிற்கும் நேரம், கேமரா தேய்மானம், எடிட்டிங் எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 9,000 ரூபாய் என்று வைப்போம். எடிட்டிங் நேரத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 20 குடும்பங்கள் வாங்கும் என்றால், தலைக்கு 450 வந்தால்தான் கையைக் கடிக்காது. ஒரு படம் 300, அந்தப் பிள்ளையின் 10 படங்களும் 900 என்று வையுங்கள். பாதிப் பேர் தொகுப்பை எடுத்தாலே சராசரி 600. ஒற்றைப் படத்தை 50 ரூபாய்க்குக் கொடுத்தால் தொகுப்பை யாரும் தொடமாட்டார்கள்.

மாதிரிப் படம் வாட்டர்மார்க்குடன் (படத்தின் மேலேயே பதித்த உங்கள் பெயர்), நீளப் பக்கம் 1000 பிக்சல் போதும். விற்கும் ஃபைல் 8×10 அங்குல பிரிண்டுக்கு 2400×3000 பிக்சலாவது இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும்; டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது டிரைவ் லிங்க் கொடுங்கள்.

விலை சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று ரசீதிலேயே எழுதுங்கள். விளையாட்டுப் பயிற்சி அகாடமி விளம்பரத்துக்குத் தனி விலை. பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அதற்குக் கொடுக்கவே கூடாது.