பினாங்கு ஈரக்காற்றில் ஏர்பிரஷ்

மழை ஓய்ந்த மாலையில் பினாங்கில் ஏர்பிரஷை, அதாவது காற்றழுத்தத்தால் சாயம் தூவும் சிறு கருவியை, பிடித்தால் சாயத்தோடு தண்ணீரையும் துப்பும். கம்பிரசரில் அழுத்தப்பட்டுச் சூடான காற்று குழாயில் ஆறும்போது அதிலுள்ள ஈரம் துளியாகிவிடுகிறது. ஆகவே அந்த நீரைப் பிடித்துவைக்கும் ஈரப்பொறி கட்டாயம். தேங்கும் நீரை அடிவால்வை அழுத்தி அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

சிறு போர்வீரர் பொம்மைகளுக்கு 0.3 மி.மீ. முனை, 15 முதல் 20 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அழுத்தம் போதும். அக்ரிலிக் சாயமும் அதை நீர்க்கவைக்கும் தின்னரும் ஏறக்குறைய சரிபாதி; பால் பதம் வரவேண்டும். கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) காய்ந்தபின், மேலே 45 பாகைச் சாய்விலிருந்து மட்டும் வெள்ளை அடியுங்கள். நிழல் தானே விழும்.

சாயம் சிலந்திக்காலாக ஓடினால் கலவை நீர்த்துவிட்டது, அல்லது முனை மிக அருகில் இருக்கிறது. சொரசொரத்தால் தூரம் அதிகம். கண், உதடு? அதற்குத் தூரிகைதான்.