அட்டைத் தேதியை நம்பி இதழ் வாங்காதீர்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் பழைய வார, மாத இதழ்களை வாங்கி விற்கிறேன். சமீபகாலமாக வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்திலிருந்து பல பையன்கள் இந்தச் சேகரிப்பில் இறங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தபோது எங்கள் ஆட்கள் செய்த கூத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் திரும்பச் செய்கிறார்கள். செலோடேப் ஒட்டாதே, வெயிலில் வைக்காதே என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது தேதி விவகாரம்.

சம்பவம் நடந்த தேதியை அட்டையில் தேடுவது

இதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24, வியாழக்கிழமை. ஒரு தம்பி 27.12.1987 என்று தேதி போட்ட வார இதழ்களாகப் பொறுக்கி, ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, எல்லாம் இரங்கல் இதழ்" என்றார். பிரித்தால் மார்கழிக் கச்சேரி, புத்தாண்டு ராசிபலன், தொடர்கதை. ஒரு துணுக்கில் எம்.ஜி.ஆர். உயிரோடு முதலமைச்சராகவே இருக்கிறார். எடைக்குப் போக வேண்டிய கட்டுக்குக் கணிசமான தொகை கொடுத்திருந்தார். விற்ற ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம், கேட்டால் "தேதியைப் பார்த்துத்தானே வாங்கினே?" என்பார்.

27-ஆம் தேதி இதழ் 27-ஆம் தேதி அச்சாவதில்லை. சென்னையில் அச்சடித்து, பார்சல் கட்டி, சென்ட்ரலிலும் எழும்பூரிலும் ரயில் ஏற்றி, தென்கோடியில் இருக்கும் பெட்டிக்கடை வரை போய்ச் சேர வேண்டும். அங்கே போய்த் தொங்கும்போது தேதி தாண்டியிருந்தால் யார் காசு கொடுப்பார்கள்? அதனால் தேதியை முன்தள்ளிப் போட்டார்கள். கடைக்காரருக்கும் அது ஒரு கணக்கு: அந்தத் தேதி வரை தொங்கவிடு, அப்புறம் விற்காததைக் கழற்றிப் பத்திரிகைக்கே ரிட்டர்ன் கட்டு. 2010-களில் ஆனந்த விகடன் வியாழக்கிழமை கடைக்கு வரும், அட்டையில் அடுத்த புதன்கிழமையின் தேதி இருக்கும். அமெரிக்க மாத இதழ்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. சூப்பர்மேன் முதன்முதலில் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் 1938 ஜூன் என்று இருக்கும். விற்பனைக்கு வந்தது ஏப்ரல் 18.

ஆகவே எம்.ஜி.ஆர். மறைவுக்கு 1988 ஜனவரித் தேதி போட்ட இதழ்களைத் தேட வேண்டும். அதிலும் அட்டையில் அவர் படம் இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வண்ணத்தில் அச்சாகும் அட்டை முதலிலேயே தயாராகிவிடும். உள்பக்கங்கள் ஃபாரம் ஃபாரமாக, அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதிகளாக, மெஷினில் ஏறும். அவசரச் செய்தி என்றால் கடைசியாக ஏறும் ஃபாரத்தில்தான் நுழைக்க முடியும். மேலே ஏதோ ஒரு நடிகை சிரித்துக்கொண்டிருப்பார், உள்ளே கறுப்புவெள்ளையில் அவசரமாகச் சேர்த்த இரங்கல் பக்கம் இருக்கும். ஒரு பெரிய மரணத்தைத் தேடும்போது நான் முதலில் ஆசைப்படுவது அந்த மாதிரி இதழுக்குத்தான். அட்டையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பி விலை பேசும் ஆட்களிடம், உள்பக்கம் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிறந்தநாள் பரிசு

பேரன் பிறந்த அன்று கடையில் தொங்கிய இதழ் வேண்டுமென்றால், பிறந்த தேதிக்குப் பிந்தைய தேதி போட்டதை வாங்குங்கள்.

சிற்றிதழுக்கும் இதே கணக்கைப் போடுவது

இங்கே கதை தலைகீழ். பெரிய பத்திரிகை தேதியை முன்தள்ளும், சிற்றிதழ் பின்தங்கும். காகிதத்துக்குக் காசு புரட்டி, அச்சகத்தில் கடன் சொல்லி, ஏப்ரல் இதழ் ஜூலையில் வரும். அட்டையில் ஏப்ரல் என்றே இருக்கும். வரிசை எண் தப்பக்கூடாது என்ற பிடிவாதம். சில சமயம் இரண்டு மூன்று மாதத்தைச் சேர்த்து ஒரே இதழாகப் போட்டுவிடுவார்கள். அதனால் "இந்தக் கவிதை ஏப்ரலிலேயே வந்துவிட்டது, அந்த ஆள்தான் பார்த்து எழுதினார்" என்று சண்டைக்குப் போகிறவர்கள், உள்ளே இருக்கும் வாசகர் கடிதங்களையும் மதிப்புரைகளையும் ஒருமுறை படித்துவிட்டுப் போகலாம். ஏப்ரல் இதழில் ஜூன் மாதக் கூட்டத்தைப் பற்றிய குறிப்பு இருந்தால் முடிந்தது கதை.

நூலக முத்திரையைக் கறை என்று கழிப்பது

இதழ் வந்து சேர்ந்த தேதி அதில்தான் இருக்கும். அழிக்காதீர்கள்.

தமிழ் வருடத்தை அப்படியே ஆங்கில வருடமாக்குவது

பல பழைய இதழ்களில் வருடம், மாதம் எல்லாம் தமிழில்தான். பிரபவ வருடம் 1927 சித்திரையில் பிறந்தது. அதனால் பிரபவ வருடம் தை என்று இருந்தால், அந்த மாதம் தொடங்குவது 1928 ஜனவரியில். இதை 1927 என்று பட்டியலில் எழுதி வைத்திருப்பவர்கள் ஏராளம். அறுபது வருடம் கழித்து, 1987-இல், அதே பிரபவ மறுபடி வருகிறது. எந்தச் சுற்று என்று குழப்பம் வந்தால் விலையைப் பாருங்கள். அணாவுக்குப் பதிலாக நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது. அணாவில் மட்டும் விலை போட்டிருந்தால் அது முந்தைய சுற்று.